வாக்குறுதிக்கு விலை கொடுப்பவர் யார்?

(சுங்கை பினாங்கில் விளையாட்டு ஆர்வலர்கள் முன்னிலையில் ஆற்றிய சொற்பொழிவு)



இன்று நான் பேச எடுத்துக்கொண்டது ஒரே ஒரு கேள்வி. பருவம் தொடங்கும்போது சங்கத் தலைவர் ஒலிவாங்கியைப் பிடிக்கிறார். "இந்த ஆண்டு கிண்ணம் நமக்குத்தான்" என்கிறார். கைதட்டல் எழுகிறது. மறுநாள் செய்தித்தாளில் படம் வருகிறது. அந்தப் பேச்சால் அணிக்கு ஏதாவது நடக்கிறதா? அந்தப் பேச்சு ஒரு கோலைக் கூட்டித் தருமா? ஒரு புள்ளியைச் சேர்த்துத் தருமா? அல்லது காற்றோடு போய்விடுமா?

வேடிக்கைக்காக நான் இதைக் கேட்கவில்லை. விளையாட்டை நேசிக்கிற ஒவ்வொரு ஊரும் இந்தப் பேச்சை நம்பிப் பணம் கொடுத்திருக்கிறது, நேரம் கொடுத்திருக்கிறது, பிள்ளைகளைக் கொடுத்திருக்கிறது. ஆகவே நம் ஊரிலிருந்தே தொடங்குவோம்.

பினாங்குக் காற்பந்துச் சங்கம் 1921-இல் தோன்றியது. நூறாண்டைக் கடந்த சங்கம். 1953-இல் மலாயாக் கிண்ணத்தை வென்றது. 1954-இல் வென்றது. 1958-இல் வென்றது. மலேசியக் கிண்ணம் என்று பெயர் மாறிய பிறகு 1974 இறுதியாட்டத்தில் பேராக்கை வீழ்த்தி மறுபடியும் வென்றது. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் நாட்டுக்காக ஆடிய நாமாட், ஷாஹாருடின் சகோதரர்கள் அந்த அணியில் இருந்தார்கள். ஈசா பாக்கார், அலி பாக்கார் சகோதரர்களும் இருந்தார்கள். இரண்டு வீட்டுப் பிள்ளைகள் நால்வர் ஒரே சட்டையில்! ஊரே அந்த அணிக்குள் இருந்தது என்று சொன்னால் மிகையில்லை.

அதற்குப் பிறகு? 1977 இறுதியில் சிங்கப்பூரிடம் 3-2 என்று தோற்றோம். அன்று தொடங்கி இன்றுவரை எத்தனை தலைவர்கள் மாறியிருக்கிறார்கள்! எத்தனை பயிற்றுநர்கள் வந்துபோயிருக்கிறார்கள்! எத்தனை மேடைகளில் "கிண்ணத்தைப் பினாங்குக்குக் கொண்டுவருவோம்" என்ற சொல் ஒலித்திருக்கிறது! 1974-க்குப் பிறகு மலேசியக் கிண்ணம் ஒருமுறைகூடப் பினாங்குப் பாலத்தைக் கடந்து நம் தீவுக்கு வரவில்லை.

லீக் பட்டம் வந்தது, அதை மறுக்க மாட்டேன். 1982-இல் வந்தது. 1998-இல் வந்தது. 2001-இல் வந்தது. 2002-இல் சிலாங்கூரை வென்று எஃப்.ஏ. கிண்ணமும் வந்தது. அவை நல்ல ஆண்டுகள். அந்த ஆண்டுகளில் மட்டும் தலைவர்கள் உரக்கப் பேசினார்கள், மற்ற ஆண்டுகளில் வாய்மூடி இருந்தார்கள் என்று யாராவது சொல்ல முடியுமா? பேச்சு எல்லா ஆண்டும் இருந்தது. பட்டம் சில ஆண்டுகளில்தான் வந்தது. எப்போதும் இருக்கும் ஒன்றை, எப்போதாவது வரும் ஒன்றுக்குக் காரணமாகச் சொல்லலாமா?

அண்மைக் காலத்துக்கு வருவோம். 2016 பிப்ரவரி 16. ஜார்ஜ்டவுன் நகர விளையாட்டரங்கம். பினாங்கும் பஹாங்கும் மோதுகின்றன. கோலிலிருந்து முப்பது மீட்டருக்கும் மேலான தூரத்தில் நமக்கு ஒரு ஃப்ரீ கிக். ஃபைஸ் சுப்ரி பந்தை வைக்கிறார். பின்னால் நடந்து போகிறார். ஓடிவந்து உதைக்கிறார். பந்து ஒரு பக்கம் போவதுபோல் போகிறது, கோல் காவலர் அந்தப் பக்கம் அடியெடுத்து வைக்கிறார், பந்து காற்றில் வளைந்து எதிர்ப்பக்கத்து மேல்மூலைக்குள் இறங்குகிறது! அங்கே இருந்தவர்கள் ஒரு கணம் கத்தக்கூட மறந்திருப்பார்கள்.

2017 ஜனவரியில் சூரிக் நகரில் அந்தக் கோலுக்கு ஃபிஃபாவின் புஸ்காஸ் விருது கிடைத்தது. உலகம் முழுவதிலிருந்தும் வந்த வாக்குகளில் ஐம்பத்தொன்பது விழுக்காட்டுக்கு மேல் அவருக்கு. மேடையில் விருதை எடுத்துக் கொடுத்தவர் பிரேசிலின் ரொனால்டோ. ஃபைஸ் கைப்பேசியை எடுத்து, எழுதி வைத்திருந்த நன்றியுரையைத் தேடித்தேடி வாசித்தார். உலகத்தின் பெரிய மேடையில் நம் ஊர்ச் சட்டைக்காரர்! எவ்வளவு பெருமை!

அதே 2017-இல் பினாங்கு அணி சூப்பர் லீக்கில் கடைசி இடத்தில் முடித்துக் கீழே இறங்கியது. உலகத்திலேயே அழகான கோலைப் போட்டவர் இருந்த அணி, சொந்த நாட்டு லீக்கில் நிற்க முடியாமல் போனது. ஏன்? விருது ஒரு நொடியில் வந்த மேதைமைக்குக் கிடைப்பது. லீக் பட்டம் பல மாத ஒழுங்குக்குக் கிடைப்பது. பெருமை வேறு, கட்டமைப்பு வேறு.

மறுபடி எழுந்தோம். 2020-இல், கோவிட் காலத்தில் குறுக்கப்பட்ட பருவத்தில், மன்சூர் அஸ்வீராவின் பயிற்சியில் நாட்டின் இரண்டாம் நிலை லீக்கான பிரிமியர் லீக்கை வென்றோம். 2021-இல் செக் நாட்டுப் பயிற்றுநர் தோமாஸ் துருகாவின் கீழ் சூப்பர் லீக்கில் மூன்றாம் இடம் பிடித்தோம். மேலே ஏறிய முதல் ஆண்டிலேயே மூன்றாம் இடம்! ஊர் என்ன நினைத்திருக்கும்? அடுத்தது பட்டம்தான் என்று நினைத்திருக்கும். 2022-இல் கடைசி இடம். பயிற்றுநர் பருவத்தின் நடுவே மாறினார்.

அன்பர்களே, இந்த இடத்தில்தான் நான் சொல்ல வந்ததைச் சொல்கிறேன். "கிண்ணம் வெல்வோம்" என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம். அந்தச் சொல்லுக்கு விலை கொடுப்பவர் யார் என்று பாருங்கள். சொன்னவரே விலை கொடுத்தால் அந்தப் பேச்சு அணியை உருவாக்கும். வேறொருவர் விலை கொடுத்தால் அந்தப் பேச்சு அணியை அழிக்கும். இன்று நான் காட்டப்போகும் எல்லா எடுத்துக்காட்டுகளையும் இந்த ஒரே கேள்வியை வைத்துப் பாருங்கள். விலை கொடுத்தவர் யார்?

முதலில், வாய் திறக்காமல் வென்ற ஒரு தமிழரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பயிற்றுநர் கே. ராஜகோபால். 2009-இல் வியந்தியானில் நடந்த சீ விளையாட்டுப் போட்டியில், இருபது ஆண்டுக்குப் பிறகு மலேசியாவுக்குக் காற்பந்துத் தங்கத்தை வாங்கித் தந்தவர். மறு ஆண்டு, 2010 டிசம்பர் 1. தென்கிழக்காசிய வெற்றியாளர் போட்டியின் முதல் ஆட்டம். ஜகார்த்தாவில் இந்தோனேசியாவிடம் மலேசியா 5-1 என்று தோற்றது. ஐந்து கோல்! வேறு ஊராக இருந்தால் அன்று இரவே பயிற்றுநரின் பெட்டியை வாசலில் வைத்திருப்பார்கள்.

அவர் என்ன செய்தார்? சீ விளையாட்டில் தங்கம் வென்ற இளைஞர்களை நம்பினார். குணாலன், நோர்ஷாருல் போன்ற அந்தப் பிள்ளைகளையும், அவர்களோடு சாஃபி சாலி, கைருல் ஃபாமியையும் வைத்து ஆடினார். அரையிறுதியில் வியட்நாமை வீழ்த்தினார். இறுதியில் மீண்டும் அதே இந்தோனேசியா.

அந்தப் பக்கம் என்ன நடந்தது தெரியுமா? இறுதியாட்டத்துக்கு முன்பே அங்கே கொண்டாட்டம் தொடங்கிவிட்டது. ஆட்டக்காரர்களை ஒரு பெரிய அரசியல் தலைவரின் வீட்டுக் காலை விருந்துக்குக் கூட்டிப் போனார்கள். கூட்டுப் பிரார்த்தனை நிகழ்ச்சிக்குக் கூட்டிப் போனார்கள். அணியின் பயிற்றுநர் ஆல்ஃபிரட் ரீடல் இந்தக் கவனச்சிதறலைப் பற்றி வெளிப்படையாகவே குறைபட்டுக்கொண்டார். மேடை யாருடையது? தலைவர்களுடையது. ஓய்வு யாருடைய ஓய்வு? ஆட்டக்காரர்களுடையது. பேசியவர்கள் படம் எடுத்துக்கொண்டார்கள், ஓடியவர்கள் விலை கொடுத்தார்கள்.

டிசம்பர் 26, புக்கிட் ஜாலில். மலேசியா மூன்று, இந்தோனேசியா பூஜ்யம். சாஃபி சாலி இரண்டு, அஷாரி ஒன்று. டிசம்பர் 29, ஜகார்த்தா. அலைகடல் போன்ற கூட்டத்தின் நடுவே கைருல் ஃபாமி ஒரு பெனால்டியைத் தடுத்தார், சாஃபி மறுபடியும் கோல் போட்டார். அந்த ஆட்டத்தை 2-1 என்று தோற்றாலும், கூட்டிப்பார்த்தால் 4-2. மலேசியா முதன்முறையாக அந்தக் கிண்ணத்தை வென்றது. ஐந்து கோல் வாங்கிய அணி இருபத்தெட்டு நாளில் வெற்றியாளர்! அதைச் சாதித்தது எந்த முழக்கம்? முழக்கம் எதுவும் இல்லை. தோல்விக்கு மறுநாளும் பயிற்றுநரை நம்பிய பொறுமைதான் சாதித்தது.

"அப்படியானால் தலைவர்கள் பேசவே கூடாதா?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. பேசிப் பேசியே வென்ற ஒருவர் நம் நாட்டிலேயே இருக்கிறார். தெற்கே பாருங்கள், ஜொகூரைப் பாருங்கள்.

துங்கு இஸ்மாயில் 2012-இல் ஜொகூர் காற்பந்துச் சங்கத்தின் பொறுப்பை ஏற்றார். ஜொகூர் டாருல் தாக்சிம் என்று அணியை மாற்றியமைத்தார். அவர் அடக்கிப் பேசுகிறவர் இல்லை. ஆசியாவின் உச்சியைத் தொடுவோம் என்று வெளிப்படையாகப் பேசுகிறவர். முதல் ஆண்டு 2013-இல் என்ன கிடைத்தது? லீக்கில் மூன்றாம் இடம். எஃப்.ஏ. கிண்ண இறுதியில் கிளந்தானிடம் தோல்வி. அத்தனை பணம் போட்டும், ஸ்பெயினிலிருந்து டானி குயிசாவைக் கொண்டுவந்தும், முதல் ஆண்டில் கிண்ணம் இல்லை. அடுத்த ஆண்டு அர்ஜென்டினாவின் பாப்லோ ஐமாரைக் கொண்டுவந்தார்கள். காயத்தால் அவர் சில ஆட்டங்களோடு போய்விட்டார்.

ஆனாலும் 2014-இல் லீக் பட்டம் வந்தது. 2015-இல் தஜிகிஸ்தானின் துஷான்பேயில் ஏ.எஃப்.சி. கிண்ணத்தை வென்று, அதை வென்ற முதல் தென்கிழக்காசிய அணி ஆனார்கள். 2014 தொடங்கி 2024-25 வரை லீக் பட்டம் ஒரு முறைகூடக் கைமாறவில்லை. தொடர்ந்து பதினொரு பட்டங்கள்!

இது பேச்சினால் வந்ததா? பேச்சுக்குப் பின்னால் போய்ப் பாருங்கள். தனிப் பயிற்சி மையம் எழுந்தது. இரண்டாம் அணி, இளையோர் அணி என்று ஏணிப்படிபோல் அணிகள் உருவாயின. 2020-இல் இஸ்கந்தர் புத்திரியில் சுல்தான் இப்ராஹிம் அரங்கம் திறக்கப்பட்டது. சொன்னவர் சொன்ன பிறகு ஓடிவிடவில்லை. தோற்ற ஆண்டிலும் அவரே முன்னால் நின்றார். பணமும் அவர் பக்கம், பழியும் அவர் பக்கம். ஆகவே அந்தப் பேச்சுக்கு எடை இருந்தது. நல்ல ஆட்டக்காரன் அந்தப் பேச்சைக் கேட்டு, "இங்கே போனால் மாதாமாதம் சம்பளம் வரும், நல்ல திடல் இருக்கும்" என்று நம்பிப் போனான். பேச்சு அணிக்கு உதவும் வழி இதுதான். பேச்சைக் கேட்டு நல்லவர்கள் வர வேண்டும், வந்தவர்கள் ஏமாறாமல் இருக்க வேண்டும்.

உடனே ஒருவர் சொல்வார்: "ஐயா, அது பணக்கார அணி, நம்மால் முடியுமா?" பணம் வேண்டும், உண்மை. பணம் மட்டும் போதும் என்றால் இன்னொரு மலேசியரைப் பாருங்கள். டான் ஸ்ரீ வின்சென்ட் டான் வேல்ஸ் நாட்டுக் கார்டிஃப் சிட்டியின் உரிமையாளர். அவர் பணம் போட்டார், 2013-இல் அணி இங்கிலாந்தின் பிரிமியர் லீக்குக்கு ஏறியது. ஆனால் நூறாண்டாக நீலச் சட்டை போட்ட அணியை 2012-இல் சிவப்புக்கு மாற்றினார்கள். பெரிய சந்தை, பெரிய எதிர்காலம் என்று காரணம் சொன்னார்கள். 2014-இல் அணி கடைசி இடத்தில் முடித்துக் கீழே விழுந்தது. 2015 ஜனவரியில் நீலம் திரும்பிவந்தது. ஊர் மக்களின் நெஞ்சிலிருந்த நிறத்தை விலையாகக் கொடுத்து வாங்கிய பேச்சு அது. நிலைக்கவில்லை.

இப்போது பணமும் இல்லாமல் பேச்சு மட்டும் இருந்தால் என்ன ஆகும் என்று பார்ப்போம். தொலைவு போக வேண்டாம், பாலத்தைத் தாண்டி வடக்கே போனால் கெடா. 2006-07 பருவத்தில் லீக், எஃப்.ஏ. கிண்ணம், மலேசியக் கிண்ணம் மூன்றையும் வென்ற அணி. 2007-08-இலும் அதே மூன்றையும் வென்ற அணி. அடுத்தடுத்து இரண்டு பருவங்கள், ஆறு கிண்ணங்கள். அந்த அணிக்கு 2023-இல் சம்பள பாக்கிக்காக மூன்று புள்ளிகளைப் பறித்தார்கள். 2025-26 சூப்பர் லீக்குக்கு அதற்கு உரிமமே கிடைக்கவில்லை. அதே ஆண்டில் பேராக் அணியும் லீக்கை விட்டு விலகியது. அதற்கு முன்பு 2023 பருவத்துக்கு மலாக்கா யுனைடெட்டும் சரவாக் யுனைடெட்டும் உரிமம் இல்லாமல் நின்றன.

யோசித்துப் பாருங்கள். மூன்று மாதச் சம்பளம் வராத ஆட்டக்காரன் ஒருவன். வாடகை கட்ட வேண்டும். பிள்ளைக்குப் பால் மாவு வாங்க வேண்டும். மோட்டார் சைக்கிள் தவணை நிற்கிறது. இ.பி.எஃப். சேமநிதிக் கணக்கில் காசு ஏறவில்லை. அவன் உடைமாற்றும் அறையில் காலுறையை மாட்டிக்கொண்டிருக்கும்போது ஒருவர் வந்து, "இந்த ஆண்டு கிண்ணம் நமக்குத்தான்" என்றால் அவன் காதில் என்ன விழும்? "ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே" என்பார்கள் நம் பெரியவர்கள். அடுத்தவன் வியர்வையை எடுத்துத் தன் பெயருக்குப் பந்தி வைக்கிற பேச்சு அது. அந்தப் பேச்சு வெறுமனே பயனற்றதாகப் போவதில்லை. அது அணியைக் கெடுக்கிறது. அடுத்த முறை அதே தலைவர் உண்மையைச் சொன்னாலும் நம்ப ஆள் இருக்காது.

அமெரிக்காவுக்கு ஒரு நடை போய்விட்டு வருவோம். அங்கே பேஸ்பால் என்றொரு ஆட்டம். மட்டையால் பந்தை அடித்து ஓடும் ஆட்டம். ஒரு பருவத்தில் ஒவ்வொரு அணியும் 162 ஆட்டம் ஆட வேண்டும். அதன் பிறகு தேர்வான சில அணிகள் மட்டும் குறுந்தொடர்களில் மோதும். சியாட்டில் மரினர்ஸ் என்ற அணி 1977-இல் தொடங்கியது. இன்றுவரை அதன் இறுதித் தொடரான உலகத் தொடருக்கு ஒருமுறைகூடப் போகாத ஒரே அணி அது.

2023 அக்டோபரில் அந்த அணியின் பேஸ்பால் பிரிவுத் தலைவர் ஜெர்ரி டிப்போட்டோ செய்தியாளர்களிடம் பேசினார். ஒவ்வோர் ஆண்டும் பட்டம் என்று அவர் சத்தியம் செய்யவில்லை. நீண்ட காலத்துக்கு நூற்றுக்கு 54 ஆட்டம் என்ற கணக்கில் வென்றுகொண்டே இருந்தால், ஒருநாள் உலகத் தொடரின் கதவு திறக்கும் என்ற பொருளில் சொன்னார். ரசிகர்கள் கொதித்துவிட்டார்கள். "பட்டம் வேண்டும் என்று சொல்லக்கூட உனக்கு வாய் வரவில்லையா?" என்று கேட்டார்கள். 54 என்ற எண்ணே ஊரெங்கும் கேலிப்பொருள் ஆனது.

கணக்கைப் பார்ப்போம். 162-இல் 54 விழுக்காடு என்றால் ஏறத்தாழ 87 அல்லது 88 வெற்றி. 2025-இல் அந்த அணி 90 ஆட்டம் வென்றது. 2001-க்குப் பிறகு முதன்முறையாகத் தன் பிரிவில் முதலிடம் பிடித்தது. உலகத் தொடருக்கு முந்தைய தொடரில் டொராண்டோவுடன் ஏழாவது ஆட்டம் வரை போய், 4-3 என்று தோற்றது. ஒரே ஒரு ஆட்டம்தான் குறை. கேலி செய்யப்பட்ட அந்தப் பேச்சு அணியைக் கெடுத்ததா? கெடுக்கவில்லை. பெரிய பேச்சு பேசியிருந்தால் அந்த ஏழாவது ஆட்டம் கைக்கு வந்திருக்குமா? வந்திருக்கும் என்று யாரும் சொல்ல முடியாது.

இன்னொன்றும் சொல்கிறேன். அதே சியாட்டில் 2001-இல் 116 ஆட்டம் வென்றது. அது அந்த லீக்கின் உச்ச சாதனைக்கு நிகரான எண்ணிக்கை. அப்படியும் உலகத் தொடருக்குப் போகவில்லை. 116 வெற்றிக்குப் பிறகு, ஒரு சில நாள் குறுந்தொடரில் எல்லாம் முடிந்துபோனது. விளையாட்டில் இப்படி ஒரு பகுதி யார் கையிலும் இல்லை. காற்பந்தில் கோல் கம்பத்தில் பட்ட பந்து உள்ளே போவதும் வெளியே போவதும் ஒரு விரற்கடையில் இருக்கிறது. நடுவரின் விசில் இருக்கிறது. மழை இருக்கிறது. கிண்ணத்துக்கு எந்தத் தலைவரும் உத்தரவாதம் தர முடியாது. தயாரிப்புக்கு உத்தரவாதம் தர முடியும். தர முடிந்ததைத் தராமல், தர முடியாததைத் தருவதாகச் சொல்வதுதான் பிழை.

அதே பேஸ்பாலில் சிகாகோ கப்ஸ் அணியைப் பாருங்கள். 1908-க்குப் பிறகு பட்டமே இல்லாமல் இருந்த அணி. 2011-இல் தியோ எப்ஸ்டைன் பொறுப்பேற்றார். மறு ஆண்டு அணி 101 ஆட்டம் தோற்றது. நூற்றொன்று! அவர் பதவி போகவில்லை. இளம் ஆட்டக்காரர்களை எடுத்து, பொறுத்திருந்து வளர்த்தார். 2016-இல் 108 ஆண்டுக் காத்திருப்பு முடிந்தது. தோல்வியைத் தன் பெயரில் எழுதிக்கொண்டு காத்திருந்த நிர்வாகி அவர். விலை கொடுத்தவர் யார்? அவரே.

நம் தமிழர்கள் உயிராகப் பார்க்கும் ஐ.பி.எல்.லுக்கு வருவோம். சென்னை சூப்பர் கிங்ஸ் 2010, 2011, 2018, 2021, 2023 என்று ஐந்து முறை வென்ற அணி. 2020-இல் ஏழாம் இடத்துக்குப் போனது. வேறு அணியாக இருந்தால் கலைத்துப் போட்டிருப்பார்கள். சென்னை பெரும்பாலும் அதே ஆட்களை வைத்துக்கொண்டு மறு ஆண்டே கிண்ணம் வென்றது. தோனியின் பேச்சை நினைத்துப் பாருங்கள். கிண்ணத்தைப் பற்றி அவர் பேசியது குறைவு, தயாரிப்பைப் பற்றிப் பேசியதே அதிகம். அதே சென்னை 2025-இல் கடைசி இடத்துக்குப் போனதையும் மறைக்க மாட்டேன். நல்ல நிர்வாகமும் தோற்கும். தோற்ற பிறகு என்ன செய்கிறது என்பதில்தான் நிர்வாகத்தின் தரம் தெரியும்.

பெங்களூரு அணிக்கோ "இந்த முறை கிண்ணம் நமதே" என்று கன்னடத்தில் ஒரு முழக்கம். ரசிகர்கள் ஆண்டுதோறும் முழங்கினார்கள். 2009, 2011, 2016 இறுதியாட்டங்களில் தோற்ற அணி, பதினெட்டாவது பருவமான 2025-இல், ஜூன் 3 அன்று அகமதாபாத்தில் பஞ்சாபை ஆறு ரன்னில் வென்றது. மறுநாளே அவசர அவசரமாகப் பெங்களூரில் வெற்றி விழா. சின்னசாமி அரங்கத்தின் வாசலில் நெரிசல். பதினொரு உயிர்கள் போயின. அன்பர்களே, விழா மேடையின் அவசரத்துக்கு அன்று விலை கொடுத்தவர்கள் வாசலில் நின்ற பிள்ளைகள். கிண்ணப் பெருமிதம் பாதுகாப்பை மறந்தால் அதைவிடப் பெரிய தோல்வி உலகத்தில் இல்லை.

கடைசியாக நம் ஊர்ப் பெண்ணைப் பற்றி. இங்கிருந்து தொலைவில்லாத புக்கிட் டம்பாரில் ஒரு ஸ்குவாஷ் மையம் இருக்கிறது. நிக்கோல் டேவிட் பெயரைத் தாங்கி நிற்கிறது. இந்தியத் தந்தைக்கும் சீனத் தாய்க்கும் பினாங்கில் பிறந்த பிள்ளை. இருபது வயதில் ஆம்ஸ்டர்டாமுக்குப் போய், லிஸ் இர்விங் என்ற பயிற்றுநரிடம் தன்னை ஒப்படைத்தார். எட்டு முறை உலக வெற்றியாளர். 2006 தொடங்கி ஒன்பது ஆண்டு இடைவிடாமல் உலகத்தின் முதல் நிலை. மேடைப் பேச்சு எதுவும் அந்த ஒன்பது ஆண்டைத் தரவில்லை. ஊரைப் பிரிந்து, குளிர் நாட்டில், நாள்தோறும் கூடத்துக்குள் வியர்த்த பெண் தானே விலை கொடுத்து வாங்கினார். அதே ஆட்டத்தில் நம் கெடாப் பெண் சிவசங்கரி சுப்பிரமணியம் 2022-இல் கார் விபத்தில் படுகாயமடைந்தார். எழுந்து வந்தார். 2023-இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் தங்கம், 2024-இல் லண்டனில் பட்டம். இவர்களைப் பார்த்த பிறகும் நமக்கு வெற்றியின் இலக்கணம் புரியாமல் போகலாமா?

ஆகவே என் தீர்ப்பைச் சொல்கிறேன். தலைவரின் கிண்ணப் பேச்சு தன்னளவில் ஓர் ஆட்டத்தையும் வென்று தராது. அந்தப் பேச்சோடு பணம் வந்தால், காலம் வந்தால், பொறுமை வந்தால், பழியை ஏற்கும் நெஞ்சு வந்தால், அது நல்ல ஆட்டக்காரர்களை இழுக்கும், அணியைக் கட்டும். இவை வராமல் வெறும் பேச்சு வந்தால், முதலில் பயிற்றுநர் போவார், அடுத்து ஆட்டக்காரன் போவான், கடைசியில் ரசிகன் போவான். பேசியவர் மட்டும் அடுத்த மேடையில் இருப்பார்.

இந்த மண்டபத்தில் குழு நடத்துகிறவர்கள் இருக்கிறீர்கள். கோயில் இளைஞர் குழு, பள்ளி முன்னாள் மாணவர் குழு, அடுக்குமாடிப் பிள்ளைகளின் ஃபுட்சால் குழு என்று பல குழுக்கள். உங்களிடம் கைகூப்பிக் கேட்கிறேன். கிண்ணத்தைப் பற்றிப் பேசுங்கள், தடையில்லை. பேசும்போதே நான்கு விவரங்களைச் சேர்த்துச் சொல்லுங்கள். பயிற்சிக்குத் திடலை எந்தெந்த நாளுக்குப் பதிவு செய்திருக்கிறீர்கள்? பயிற்றுநரை எத்தனை பருவத்துக்கு வைத்திருக்கப் போகிறீர்கள்? வசூலித்த பணத்தின் கணக்கை எந்த நாளில் பெற்றோர் முன் வைப்பீர்கள்? பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு அணி இருக்கிறதா?

பெற்றோரே, ரசிகர்களே, உங்களிடமும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஒரு தலைவர் "கிண்ணம் நமக்குத்தான்" என்று சொல்லும்போது உடனே கைதட்டாதீர்கள். இந்த நான்கு கேள்வியைக் கேளுங்கள். நான்குக்கும் பதில் வந்தால் எழுந்து நின்று கைதட்டுங்கள். அந்த அணி தோற்றாலும் அதன் பக்கமே நில்லுங்கள். பதில் வராவிட்டால் உங்கள் பிள்ளையை வேறு திடலுக்கு அழைத்துச் செல்லுங்கள்.